மாமரத்துக்கு ஜாமீன்

குனோங் ராபாட், ஈப்போ
12 ஜனவரி 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை ஜோசலின் எழுதுகிறேன். நான் நன்றாக இருக்கிறேன். அம்மா முழங்கால் வலியோடு நன்றாக இருக்கிறார். அப்பாவும்தான். உனக்குச் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா, பழைய இருமல் வருகிறதா என்று எழுது.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் உன் கடிதம் வந்தது. தபால் பெட்டியைத் திறந்தவர் அப்பா. உறையின் மேல் இருந்த சிறைச்சாலை முத்திரையைப் பார்த்தார். பிரிக்கவில்லை. கேட்டுக்குப் பக்கத்திலேயே நின்று நான்காகக் கிழித்துக் குப்பைத் தொட்டியில் போட்டார். "இந்த வீட்டுல அவன் பேரு யாரு வாயிலயும் வரக்கூடாது. யாராச்சும் அவனுக்கு எழுதுறது தெரிஞ்சுச்சு, அவங்களும் அவன் பின்னாடியே போவலாம்" என்றார். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

பிறகு நான் தொட்டியில் தேடினேன். மீன் கழுவிய தண்ணீரில் எல்லாம் ஊறிப்போய்விட்டது. ஒரு துண்டு மட்டும் தப்பியிருந்தது. அதில், "தோட்ட வேலைக்குப் போட்டிருக்கிறார்கள். அம்மாவிடம் கேட்டுச் சொல், ரோஜாவை எப்போது, எந்த இடத்தில்" என்று இருக்கிறது. அதோடு கிழிந்துவிட்டது. வேறு என்ன எழுதியிருந்தாய் என்று எனக்குத் தெரியாது.

பதிலைப் பக்கத்து வீட்டுக் கலாதேவி அக்கா பெயருக்குப் போடு. அக்காவிடம் கேட்டபோது, "என்னடி, லவ் லெட்டரா? பையன் யாருலா, உயரமா இருப்பானா?" என்று சிரித்தார். உன் பெயரைச் சொன்னதும் சிரிப்பை நிறுத்தி, "போடச் சொல்லு" என்றார். அவ்வளவுதான்.

எல்லாரும் படுத்த பிறகு, சமையலறையில் ஐஸ்பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் உட்கார்ந்து எழுதுகிறேன். அப்பாவின் கட்டில் சத்தம் கேட்கிறது. நிறுத்துகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
ஜோசலின்

*

தாப்பா
30 ஜனவரி 2025

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் கால்வின். உன் கடிதத்தைப் பலமுறை படித்துவிட்டேன். இருமல் இல்லை. கொஞ்சம் இளைத்திருக்கிறேன், நன்றாகக் கறுத்திருக்கிறேன். அம்மா முழங்காலுக்குத் தைலம் போடுகிறாரா? நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா?

நடந்ததைச் சொல்கிறேன். டிசம்பரில் சிறை அதிகாரியான துவான் ஒருவர் வந்து, தோட்ட வேலை தெரிந்தவன் யார் என்று கேட்டார். எனக்கு முன்னால் என் கை மேலே போய்விட்டது. "எங்கப்பா எஸ்டேட்டில் பிறந்தவர், துவான்" என்றேன். அது பொய் இல்லையே. அலுவலகத்துக்கு முன்னால் ஒரு வரிசை ரோஜா, வேலி ஓரம் ஒரு வரிசை காகிதப்பூ. இரண்டையும் என் பொறுப்பில் விட்டார்கள். காலையில் வெயிலில் நிற்கலாம், வானத்தைப் பார்க்கலாம். செடிகள் செத்தால் மறுபடி தையல் கூடத்துக்குள் அனுப்பிவிடுவார்கள்.

செத்துக்கொண்டுதான் இருக்கின்றன. ரோஜா எல்லாம் குச்சி குச்சியாக நிற்கிறது. இலைகளில் கறுப்புப் புள்ளி. என்னோடு வேலை செய்யும் சிலிபின் பக்கத்துப் பையன் ரூபன், "மச்சான், நீ தொட்டாலே ரோசா சாவுது. உன்னைய சவப்பெட்டிக் கடையிலதான் போட்டிருக்கணும்லா" என்கிறான்.

இங்கே மழை நின்றுவிட்டது. வேலிக்கு அப்பால் சில பழைய ரப்பர் மரங்கள் இருக்கின்றன. இலை முழுவதும் கொட்டி நிற்கின்றன. அவற்றைப் பார்த்தால் எனக்குப் பயமில்லை, தளிர்க்கும் என்று தெரியும். ரோஜாவைப் பற்றி எதுவும் தெரியவில்லை. அம்மாவிடம் எப்படியாவது கேள்.

மற்ற மூன்று துண்டுகளில் இருந்ததை இப்போது எழுதவில்லை. பிறகு பார்க்கலாம்.

அப்பா இன்னும் அந்த நீலச் சட்டையைத்தான் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறாரா?

நீ பயப்படாமல் தூங்கு.
கால்வின்

*

குனோங் ராபாட்
10 பிப்ரவரி 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

இளைத்துவிட்டேன் என்று எழுதியிருந்தாய். அது மனத்தில் நிற்கிறது. கொடுப்பதைத் தள்ளாமல் சாப்பிடு. இங்கே எல்லாரும் நன்றாக இருக்கிறோம். அம்மா தைலம் போடுகிறார்.

நேற்று அம்மா கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தபோது கேட்டேன். "அம்மா, ரோசாவ எப்ப வெட்டணும்?"

"எதுக்குடி? நம்ம வீட்டுல ரோசாவே இல்லியே."

"பள்ளிக்கூடத்துல புரொஜெக்ட்மா."

"லீவுலயா?"

அம்மா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு உருவிய கறிவேப்பிலைக் காம்பை எடுத்துக் காட்டி விளக்கினார். அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

வெட்ட வேண்டிய காலம் இதுதான். மழை நின்று, வெயில் ஏறும்போது. முதலில் காய்ந்த குச்சியை அடியோடு எடுத்துவிடு. பச்சைக் குச்சியில் வெளிப்பக்கம் பார்த்திருக்கும் மொட்டுக் கண்ணைத் தேடு. அதற்கு ஒரு விரல் மேலே சாய்வாக வெட்டு. உள்பக்கம் பார்த்த கண்ணுக்கு மேலே வெட்டினால் கிளைகள் ஒன்றோடொன்று சண்டை போடும். புள்ளி விழுந்த இலைகளைப் பறித்து எரிக்க வேண்டும், செடிக்கடியில் போடவே கூடாது. மண்ணை மேலாகக் கிளறிவிட்டு, முட்டை ஓடு, தேயிலைச் சக்கை, வாழைப்பழத் தோல் எது கிடைத்தாலும் போடு. தண்ணீர் காலையில் மட்டும், வேரில் மட்டும். "வெட்டும்போது பாவம் பாக்கக் கூடாது. பாவம் பாத்து வச்ச குச்சிதான் செடியக் கொல்லும்" என்றார்.

நீலச் சட்டையைப் பற்றிக் கேட்டாய். அப்பா அதைப் போடுவதில்லை. நீயும் உன் கூட்டாளிகளும் அப்பாவின் சாவியை எடுத்துக்கொண்டுபோய்த் தொழிற்சாலைக் கிடங்கைத் திறந்து திருடிய அடுத்த வாரமே அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். இப்போது ஒரு குத்தகைக்காரரிடம் புல் வெட்டுகிறார். ஒவ்வொரு குடியிருப்பாக, தாமான் தாமானாகப் போகிறார்கள். முதுகில் மெஷின் மாட்டிய இடம் தழும்பாகிவிட்டது.

முன்வாசல் மாமரத்தை வெட்டிவிட்டுச் சிமெண்ட் போட்டுக் கார் நிறுத்தலாம் என்கிறார். இரண்டு வருடமாகக் காய்க்கவில்லை. நம்மிடம் காரும் இல்லை.

நேரத்துக்குத் தூங்கு, அண்ணே.
ஜோசலின்

*

குனோங் ராபாட்
25 பிப்ரவரி 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நலமாக இருக்கிறாயா? உன் பதில் வரவில்லை. கலாதேவி அக்காவின் தபால் பெட்டியைத் தினமும் பள்ளி விட்டு வந்ததும் பார்க்கிறேன். ரோஜா செத்துவிட்டதா? நான் எழுதியதில் ஏதாவது தப்பாகிவிட்டதா? நீலச் சட்டையைப் பற்றி எழுதியிருக்கக் கூடாதோ என்று தோன்றுகிறது.

ஒன்று நடந்தது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அப்பா பாராங் கத்தியைத் தீட்டிக்கொண்டு மாமரத்தடிக்குப் போனார். நீ இருந்தவரை வருடா வருடம் வெயில் காலம் தொடங்கும்போது நீயும் அப்பாவும் மரத்தை மிரட்டிக் காய்க்கச் சொல்வீர்களே, அதுதான் என்று புரிந்தது. போன வருடம் அப்பா அதைச் செய்யவில்லை. மரத்துக்கு ஜாமீன் சொல்ல ஆள் இல்லை.

கத்தியின் முதுகால் மரத்தை இரண்டு தட்டுத் தட்டினார். "தண்ணி குடிச்ச, எருவு தின்ன. காயி எங்க? ரெண்டு வருஷம் பாத்தாச்சு. இன்னைக்கு உன்னைய வெட்டி அடுப்புல வைக்கிறேன்" என்றார். பிறகு நின்றார்.

அந்த இடத்தில் நீ ஓடிவருவாய். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது சன்னலில் நின்று பார்த்துச் சிரிப்பேன். இந்த முறை யாரும் ஓடிவரவில்லை. அம்மா சொன்னால் செல்லாது, புருஷன் பெண்சாதி ஒரே வாய் என்று அப்பாவே சொல்வார். யாரும் ஜாமீன் நிற்காவிட்டால் சொன்ன சொல்லுக்கு மரத்தை வெட்டித்தான் ஆக வேண்டும். அப்பா கத்தியைத் திருப்பிப் பிடித்தார். கூர்ப்பக்கம்.

கலாதேவி அக்கா துணி காயப்போட வந்தவர், "என்னண்ணே, காலங்காத்தால மரத்தோட சண்டை? ஆளு யாரும் கிடைக்கலியா?" என்றார். அப்பா திரும்பவே இல்லை.

நான் பல் விளக்கிக்கொண்டிருந்தேன். வாயில் நுரையோடு ஓடினேன். கால் நடுங்கியது. "வேணாம்பா, விட்டுடுங்க. இந்த வருஷம் காய்க்கும்" என்றேன்.

"யாரு ஜாமீன்?"

"நான்."

"காய்க்கலன்னா?"

அதற்கு நீ என்ன சொல்வாய் என்று மறந்துவிட்டது. "காய்க்கலன்னா அடுத்த வருஷமும் நான்தான் ஜாமீன்" என்றேன்.

அப்பா என்னை அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை. கத்தியைக் கீழே வைத்தார். "போயி வாயக் கழுவு" என்றார்.

சாயங்காலம் சருகைக் கூட்டி மரத்துக்கடியில் புகை போட்டார். புகை பட்டால் பூக்குமாம். வெட்டப்போகிறவர் புகை போடமாட்டார் இல்லையா?

ஒரு வரியாவது எழுது.
ஜோசலின்

*

தாப்பா
14 மார்ச் 2025

அன்புத் தங்கைக்கு,

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. உன்னைக் காக்க வைத்துவிட்டேன். கால் நடுக்கம் நின்றதா?

அப்பா வேலை போனது எனக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டும். யாருடைய சாவி என்பது தெரிந்தவனுக்கு அதுவும் தெரிந்திருக்க வேண்டும். அன்று போலீஸ் நிலையத்துக்கு வந்த அப்பா வாசலிலேயே நின்றார், ஜாமீன் போட உள்ளே வரவில்லை. அதை இத்தனை நாளும் மனத்தில் வைத்திருந்தேன். உன் கடிதம் வந்த பிறகு வைத்திருக்க முடியவில்லை. எழுதவும் முடியவில்லை.

வேலையை மட்டும் செய்தேன். அம்மா சொன்னபடி பாவம் பார்க்காமல் வெட்டினேன். ரூபன், "போச்சு, முழுசா கொன்னுட்டான்" என்றான். இப்போது வெட்டிய இடத்துக்குக் கீழே, ஒவ்வொரு கண்ணிலும், சிவப்பாகத் தளிர் வந்திருக்கிறது. ரூபன் தினமும் காலையில் எனக்கு முன்னால் போய்ப் பார்க்கிறான்.

மற்ற மூன்று துண்டுகளில் இருந்தது இதுதான். தண்டனை முடியும் முன்பே என்னைப் பரோலில் விடலாமா என்று பார்க்கிறார்கள். அதற்கு ஓர் அதிகாரி நம் வீட்டுக்கு வருவார். வீட்டில் சேர்த்துக்கொள்வீர்களா, யார் பொறுப்பு என்று கேட்பார். அப்பா வேண்டாம் என்றால் அதோடு முடிந்தது. அப்பாவிடம் அதைக் கேட்கத்தான் டிசம்பரில் எழுதினேன். நீ அவரிடம் எதுவும் சொல்லாதே. உனக்கு ஒன்றும் ஆகக் கூடாது.

காகிதப்பூ இலையாகவே வளர்கிறது. தினமும் தண்ணீர் ஊற்றுகிறேன், உரம் போடுகிறேன். ஒரு பூ இல்லை.

தைரியமாக இரு. நீ மரத்துக்காகவே பேசியவள்.
கால்வின்

*

குனோங் ராபாட்
24 மார்ச் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

கால் நடுக்கம் நின்றது. அதிகாரியைப் பற்றிப் படித்ததும் மறுபடி வந்துவிட்டது. நீ நன்றாக இருப்பதில் நிம்மதி.

காகிதப்பூவைப் பற்றி அம்மாவிடம் கேட்டேன். இந்த முறை புரொஜெக்ட் என்று சொல்லவில்லை, அம்மாவும் எதற்கு என்று கேட்கவில்லை. வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொன்னார். "அதுக்குத் தண்ணிதான் எமன். இலை வாடித் தொங்குற வரைக்கும் ஊத்தக் கூடாது. உரத்த நிறுத்தணும். நீளமா ஓடுற நுனியெல்லாம் கிள்ளிவிடணும். புதுக்கிளையிலதான் பூ வரும்."

நான் சரி என்று எழுந்தேன். அம்மா நறுக்குவதை நிறுத்தவில்லை. "தாப்பாவுல மலையடிவாரம், மண்ணு சீக்கிரம் காயாது. ரெண்டு நாளு கூடவே காயப்போடச் சொல்லு" என்றார்.

நான் தாப்பா என்ற பெயரையே எடுத்ததில்லை.

அப்படியே நின்றேன். "அம்மா" என்றேன். "போடி, வெங்காயம் கண்ணக் கரிக்குது" என்றார். பிறகு, "இருமல் இருக்கா அவனுக்கு?" என்று கேட்டார். இல்லை என்றேன். அன்றைக்கு எனக்கு மட்டும் முட்டை பொரித்துக் கொடுத்தார்.

மாமரம் பூத்திருக்கிறது. உச்சியில் தொடங்கி இப்போது தெருப்பக்கக் கிளை முழுவதும் பூ. காலையில் கேட்டைத் திறந்தால் வாசனை. அப்பா, பூ இருக்கும்போது தண்ணீர் விடக்கூடாது என்று குழாயைச் சுருட்டி வைத்துவிட்டார்.

அம்மாவின் கேள்விக்கு நீயே பதில் எழுது.
ஜோசலின்

*

தாப்பா
8 ஏப்ரல் 2025

அன்புத் தங்கைக்கும் அம்மாவுக்கும்,

அம்மா, இருமல் இல்லை. நன்றாகத் தூங்குகிறேன். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? வேறு நிறைய எழுத இருக்கிறது, இந்தத் தாளில் வராது.

முதல் ரோஜா போன வாரம் விரிந்தது. இளஞ்சிவப்பு. துவான் அதைப் பறிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, தானே கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு போனார். இரண்டாவது பூவுக்கு ரூபன் பெயர் வைத்திருக்கிறான். அவன் காதலித்த பெண்ணின் பெயர். அவளுக்கு இது தெரியாது.

காகிதப்பூவுக்குத் தண்ணீரை நிறுத்திவிட்டேன். வாடுவதைப் பார்க்கக் கஷ்டமாக இருக்கிறது. இருந்தும் பூவைக் காணோம்.

ஈஸ்டர் முடிந்து அதிகாரி நம் வீட்டுக்கு வருவாராம். எந்த நாள் என்று சொல்ல மாட்டார்கள். அப்பாவைப் பற்றி எந்த முடிவுக்கும் நான் தயாராக இருக்கிறேன் என்று எழுதத்தான் நினைத்தேன். அது உண்மை இல்லை. வீட்டுக்கு வர வேண்டும்.

எல்லாரும் சுகமாக இருங்கள்.
கால்வின்

*

குனோங் ராபாட்
16 ஏப்ரல் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

அம்மா முழங்கால் தேவலை. உன் கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். எனக்குத்தான் பயம், அப்பாவின் தலையணை பக்கத்திலேயே இருக்கிறது.

குருத்தோலை ஞாயிறு பூசை முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தோம். அப்பா ஓலைச் சிலுவையைப் படத்துக்குப் பின்னால் செருகிவிட்டு வந்து, சோற்றைப் பிசைந்துகொண்டே யாரையும் பார்க்காமல் பேசினார். "காகிதப்பூவ தரையில நட்டா வேரு தன் இஷ்டத்துக்கு ஓடும். சுத்தி ஒரு முழம் தள்ளி மண்வெட்டிய நேரா எறக்கி வேர அறுத்து விடணும். ஒரே நாள்ல இல்ல. இன்னைக்கு ஒரு பக்கம், அடுத்த வாரம் ஒரு பக்கம். உசுரு பயம் வந்தாத்தான் அது பூக்கும்."

அம்மா குழம்பு ஊற்றிய கை அப்படியே நின்றது. நம் வீட்டில் காகிதப்பூ இல்லை. அப்பா வேலை செய்யும் தாமான்களில் நிறைய இருக்கிறது. அதைப் பற்றித்தான் பேசினாரா, தெரியவில்லை. கேட்கும் தைரியம் எனக்கு இல்லை. அவர் எழுந்து கை கழுவிவிட்டு, "மண்வெட்டி கூரா இருக்கணும். மொட்டையா இருந்தா வேரு நசுங்கிப் போயிடும்" என்று முற்றத்துக்குப் போனார்.

உனக்கு எழுதிவிட்டேன். செய்து பார்.

மாம்பிஞ்சு பட்டாணி அளவில் இருக்கிறது. நிறைய உதிர்கிறது. உதிர்வது உதிரும், நிற்பது நிற்கும் என்கிறார் அம்மா.

ஆண்டவர் துணை இருப்பார், அண்ணே.
ஜோசலின்

*

குனோங் ராபாட்
4 மே 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் மூன்று பேரும் நலம். உன் நலத்தை அதிகாரியே சொன்னார், அதனால் இந்த முறை கேட்கவில்லை.

நேற்று வந்தார். ஒரு மலாய்க்காரப் பெண்மணி. அப்போது அப்பா ஏணியில் நின்று மாங்காய்களுக்குப் பழைய நாளிதழில் பை கட்டிக்கொண்டிருந்தார், ஈ குத்தாமல் இருக்க. நான் ஏணியைப் பிடித்திருந்தேன். கேட்டில் நின்று அவர் உன் முழுப்பெயரைச் சொல்லி, இது அவன் வீடுதானா என்று கேட்டார். இந்த வீட்டில் அந்தப் பெயர் ஒன்றரை வருடமாக ஒலித்ததில்லை. ஏணி ஆடியது. ஆட்டியது நான்தான்.

அப்பா இறங்கிவந்து மரத்தடியில் நாற்காலி போட்டார். அம்மா தேநீர் கொண்டுவந்தார். அந்த அம்மையார் நிறையச் சொன்னார். உன் நடத்தை நல்லது என்றார். அலுவலகத்துக்கு முன்னால் ரோஜா பூத்திருப்பதைச் சொன்னார். கைப்பேசியில் வேலி ஓரத்துக் காகிதப்பூவின் படத்தைக் காட்டினார். ஒரு பக்கம் முழுவதும் ஊதாவாக இருந்தது. அப்பா கைப்பேசியை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "இந்தப் பக்கத்து வேர மட்டும்தான் அறுத்திருக்கான்" என்று அம்மாவிடம் சொன்னார்.

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, அன்று அவர் யாருக்காகப் பேசினார் என்று.

பிறகு அந்த அம்மையார் கோப்பைத் திறந்து மலாயில் கேட்டார். இவன் வெளியே வந்தால் இந்த வீட்டில் இடம் உண்டா? ஒழுங்காக இருப்பான் என்பதற்கு யார் பொறுப்பு?

அப்பா புல் கறை படிந்த தன் கைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தெருவில் ஒரு மோட்டார் சைக்கிள் போய் மறைந்தது. அம்மா முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் சொன்னால் செல்லாது. நான் முன்னால் போனேன். "அப்பா, நான்..." என்று தொடங்கினேன்.

அப்பா கையை உயர்த்தி என்னை நிறுத்தினார்.

"நீ சும்மா இரு. நீ மரத்துக்கு ஜாமீன் போட்டாச்சு. ஒரு ஆளு ஒண்ணுக்குத்தான் நிக்க முடியும்."

அந்த அம்மையார் பக்கம் திரும்பி, தானே பொறுப்பு என்று, "சாயா ஜாமின், புவான்" என்றார். மலாயிலும் அதே சொல்தான் போலிருக்கிறது. கையெழுத்துப் போடும்போது பேனாவில் புல் கறை ஒட்டியது. துடைத்துவிட்டுக் கொடுத்தார்.

அவர் போன பிறகு கலாதேவி அக்கா சுவருக்கு மேலே தலையை நீட்டி, "இனி எனக்கு லவ் லெட்டர் வராதாடி?" என்று கேட்டுவிட்டு அழுதார். அப்பா கேட்காதவர்போல் மறுபடி ஏணியில் ஏறினார்.

இதைப் பகலில், முன்கூடத்து மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். அப்பா சற்று முன் பின்னால் வந்து நின்றார். பழக்கத்தில் தாளைக் கையால் மறைத்தேன். "மறைக்காத. இதையும் எழுது" என்றார். அவர் சொன்னது இதுதான். காகிதப்பூவின் மறுபக்க வேரை இந்த வாரமே அறுத்துவிடு. வரும்முன் ரோஜாவை எப்படி வெட்டுவது என்று ரூபனுக்குக் காட்டிக்கொடு. பாதியில் விட்டுவிட்டு வராதே.

பதிலை நம் வீட்டு முகவரிக்கே போடு. இந்த முறை அப்பாதான் பெட்டியைத் திறப்பாராம்.

உன் வரவுக்குக் காத்திருக்கும்,
ஜோசலின்